கையெழுத்துப் போட்டுட்டு உள்ளே போங்க

நவம்பர் 14

தேனியில் பஸ் ஏறும்போது வெயில், ஆண்டிபட்டிக் கணவாயில் தூறல், உசிலம்பட்டியில் மறுபடி வெயில். ஆரப்பாளையத்தில் இறங்கும்போது சட்டை காய்ந்திருந்தது. ஐப்பசிக் கடைசி அப்படித்தான். பையில் நாலு சட்டை, ஒரு குடை, செல்லூர் அக்காவுக்கு இரண்டு கிலோ கம்பத்துப் பன்னீர் திராட்சை. அதில் பாதி செக்கானூரணி வருவதற்குள் நசுங்கிவிட்டது.

ஒரு வாரம் இங்கேதான். தேனியில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காலேஜ் ப்ராஜெக்ட் சீசன் பங்குனி சித்திரையில்தான் வரும், இப்போது ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க நாலு பேர் வருவதோடு சரி, அதனால் மிஷினை வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். எல்லாம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு நோட்டீஸால் வந்தது. அவள் படிக்கிற கல்லூரியின் நூலகத்தில் நூலக வாரம், தினமும் ஒரு நிகழ்ச்சி, ஓலைச்சுவடி, பாவைக்கூத்து, மலைக்குப் பயணம், கடைசி நாள் நாடகம். கீழே தடித்த எழுத்தில், பொதுமக்கள் அனைவரும் வருக, அனுமதி இலவசம். கல்லூரிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிள்ளை அங்கே இன்னும் ஒன்றரை வருஷம் ஓட்ட வேண்டும்.

பதினோரு மணிக்குத் தொடக்க விழா. பத்தே முக்காலுக்கு கேட்டில் நின்றேன். செக்யூரிட்டி அண்ணன், அறுபது வயதிருக்கும், கேட்டார்.

"ஸ்டாஃபா, பேரண்ட்டா?"

"பொதுமக்கள்."

அந்த விடை அவர் கையில் இருந்த நோட்டில் இல்லை. பெயர், ஊர், செல் நம்பர், வந்த நேரம், யாரைப் பார்க்க என்று ஐந்து கட்டம். யாரைப் பார்க்க என்பதில் 'நூலகம்' என்று எழுதினேன். "அப்படிப் போடக்கூடாது சார், ஆளு பேரு வேணும், லைப்ரரியன் மேடம்னு போடுங்க" என்றார். போட்டேன். அடுத்து வண்டி நம்பர். வண்டி இல்லை, டவுன் பஸ். அடுத்து போட்டோ. எல்லாம் முடிய பன்னிரண்டு நிமிஷம். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பெரியவர்கள் நோட்டைப் பார்த்ததும் "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு எதிரில் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

விழா பன்னிரண்டே காலுக்குத்தான் ஆரம்பித்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பொன்னாடை மட்டும் ஒன்பது. ஆனால் ஒரு பேராசிரியர் நன்றாகப் பேசினார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலக விதிகள் ஐந்தையும் சொன்னார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்கிற உயிர். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன கதையையும் சொன்னார். நாலாவது விதி வந்தபோது எனக்கு அந்தப் பன்னிரண்டு நிமிஷம் ஞாபகம் வந்தது. மாட்டு வண்டியில் வந்து இறங்கிய புத்தகத்துக்கு முன்னால் நோட்டு நீட்டியிருப்பார்களா என்ன.

வெளியே வரும்போது கேட் ஓரத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "இன்னைக்கு உள்ள எல்லாரும் போகலாமாம், ஃப்ரீதான்" என்றேன். "நமக்கு எதுக்குப்பா, மைக்கு இங்கேயே கேக்குதே" என்றது. அதுவும் சரிதான்.

நவம்பர் 15

இன்று ஓலை.

நீள மேஜை, நாலு எழுத்தாணி, பதப்படுத்திய பனை ஓலை ஒரு கட்டு. சுவடிப் பயிற்சி பெற்ற ஓர் இளைஞர் சொல்லிக்கொடுத்தார். நான் நினைத்துக்கொண்டிருந்தது பேனா மாதிரி பிடித்து எழுதுவார்கள் என்று. அப்படி இல்லை. இடது கையில் ஓலையைப் பிடித்து, இடது கட்டைவிரலை எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்து, எழுத எழுத ஓலையைத்தான் நகர்த்த வேண்டும். என் பெயரை எழுதினேன். புள்ளி வைக்கப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் சுவடியில் புள்ளியே கிடையாது. மெய்யா உயிர்மெய்யா என்று படிக்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம், ஒ, ஓ இரண்டுக்கும் ஒரே வடிவம். சுவடியைப் பார்த்து நூல் பதிப்பித்த பெரியவர்கள் ஏன் ஒரு சொல்லுக்கு நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று இன்றைக்குத்தான் உறைத்தது, அதுவும் என் சொந்தப் பெயரையே திரும்பப் படிக்க முடியாமல் போனபோது.

எழுதி முடித்ததும் கீறல் மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் மை தங்கிக் கறுப்பாக எழும்பி வருகிறது. பக்கத்தில் நின்ற மாணவிகள் கத்தினார்கள். நானும் கத்தினேன், கொஞ்சம் மெதுவாக.

என் தொழில் புத்தி கட்டின விதத்தில் போய் நின்றது. ஓலைக்கு இரண்டு துளை. ஒன்றில் கயிறு, மற்றதில் நாராசம் என்கிற ஆணி, மேலும் கீழும் மரச்சட்டம். நாராசத்தை உருவினால் ஓலை விசிறி மாதிரி விரியும், கயிறு இருப்பதால் வரிசை மாறாது. நாங்கள் கடையில் ஸ்பைரலுக்கு நாற்பது ஓட்டை போடுகிறோம். சுவடி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் வந்த புல்தைல வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. பூச்சி வராமலிருக்கவும் ஓலை மொரமொரவென்று உடையாமலிருக்கவும் பூசுகிறார்கள்.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். அப்பா புதுமண்டபத்தில் ஒரு கடையில் இருபது வருஷம் பைண்டராக இருந்தவர். கல்லில் செதுக்கின தூண்களுக்கு நடுவில் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளுமாக இருந்த காலம். எல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "சட்டம் என்ன மரம்?" என்றார். கேட்கவில்லை. "அதைக் கேக்காம என்னத்தப் பாத்த?"

நவம்பர் 16

தோல்பாவைக்கூத்து. சாயங்காலம் ஆறு மணி, நூலகத்துக்கு முன்னால் இருக்கிற வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டித் திரை.

சின்ன வயதில் ஒரு தடவை ஆண்டிபட்டிப் பக்கம் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத் தூங்கிவிட்டேன். இன்றைக்குத் திரைக்குப் பின்னால் போய் உட்கார விட்டார்கள், அதுதான் உண்மையான கூத்து. ஒரே ஆள். ராமன் அவர்தான், சூர்ப்பனகை அவர்தான், கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அவர்தான். இரண்டு கையிலும் பாவை, கால் ஒரு பக்கம் கட்டையைத் தட்டித் தாளம் போடுகிறது, அவர் மனைவி ஆர்மோனியத்தில், மகன் மிருதங்கத்தில். உளுவத்தலையன் குரலில் ஒரு கெட்ட வார்த்தையை முழுங்கிவிட்டு, இடைவெளியில் மகனிடம் மராத்தியில் ஏதோ சொன்னார். இந்தக் கலையைச் செய்கிற மண்டிகர் குடும்பங்களுக்கு வீட்டில் பேச்சு மராத்தி. ராமாயணம் முழுக்கத் தமிழ்.

பாவைகள் ஆட்டுத் தோல். மயிரைச் சுரண்டி, காயவைத்து, உளியால் ஓட்டை ஓட்டையாகக் கொத்தி, சாயம் ஏற்றி. நகைகள் எல்லாம் அந்த ஓட்டைகள்தான், வெளிச்சம் அதன் வழியாக வந்தால் நகை. பாவையைக் கையில் வாங்கிப் பார்த்தேன், நாங்கள் பைண்டிங் அட்டைக்குப் போடுகிற கலிக்கோ துணியைவிட லேசாக இருக்கிறது.

இவர்கள் முன்பெல்லாம் ஓர் ஊரில் கொட்டகை போட்டால் பத்து ராத்திரி ராமாயணம், பட்டாபிஷேகத்தோடு கிளம்புவார்களாம். இங்கே கொடுத்தது முக்கால் மணி நேரம். மழை வேண்டுமென்றால் நல்லதங்காள் கதை போடச் சொல்லும் ஊர்கள் இருந்தன என்றும் சொன்னார். "இப்ப மழையெல்லாம் செல்லுலயே பாத்துக்கிறாக."

முக்கால் மணி நேரத்தில் சூர்ப்பனகை மூக்கு மட்டும்தான் அறுபட்டது. ஜடாயு வருவதற்குள் நன்றியுரை வந்துவிட்டது. நன்றியுரையில் தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், மைக் செட்காரர் பெயர் வரைக்கும் இருந்தது. "மற்றும் கூத்துக் குழுவினர்."

கேட்டில் பூக்கார அம்மா இன்றைக்கும் இருந்தது. உளுவத்தலையன் பேச்சு மட்டும் சரியாகக் கேட்கவில்லை என்றது.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்துவிட்டது. செக்யூரிட்டி அண்ணன் மாலை போட்டுக் கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, நெற்றி நிறைய விபூதி சந்தனத்தோடு நின்றார். மூன்று நாளாக "எங்க, யாரு, நில்லுங்க" என்றிருந்தவர், "சாமி, கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போங்க சாமி" என்றார். காரில் வந்த பேராசிரியர்களும் கண்ணாடியை இறக்கி "சாமி, கேட்" என்கிறார்கள். நேற்று வரைக்கும் ஹாரன்தான் அடித்தார்கள்.

இன்று மலைக்குப் பயணம், கல்லூரி பஸ்ஸிலேயே. கீழக்குயில்குடி சமணமலை. எனக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம் இது. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை வந்தால் ஆரப்பாளையம் நெருங்கிவிட்டது என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன், முப்பது வருஷமாக அதுதான் பழக்கம். அங்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு இருக்கிறது. ஒரு நாளும் இறங்கினதில்லை.

அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், காவல் தெய்வத்தின் கோயில். நேற்று ராத்திரி தூறியதில் பாறை வழுக்கியது. மேலே பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனை, அதை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக, குழந்தை உயரம்கூட இல்லை, ஒவ்வொன்றுக்கும் கீழே வட்டெழுத்து. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே பாறை முகத்தில் பெரிய மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். நீளக் காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று நினைத்துக்கொண்டார்கள், அதனால் அந்தப் பெயர் என்கிறார்கள். காதுதானே அடையாளம், வேறென்ன செய்வார்கள்.

கூட வந்த வரலாற்று ஆசிரியர் கல்வெட்டைப் படித்துக் காட்டினார். ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டு வாக்கில், குறண்டி என்ற ஊரில் திருக்காட்டாம்பள்ளி என்றொரு சமணப் பள்ளி இருந்திருக்கிறது, அங்கே படித்த மாணாக்கர்கள் செய்வித்த திருமேனிகள் இவற்றில் உண்டு. இன்னாருடைய மாணாக்கர் இன்னார் செய்வித்தது என்று பெயரோடு இருக்கிறது. சமணத் துறவிகள் படுத்த இடம் பள்ளி, அவர்கள் பாடம் சொன்னதால் படிக்கிற இடத்துக்கும் அதுவே பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு, அதையும் சொன்னார். எனக்கு அந்த 'இன்னார்' மனசில் நின்றது. கொத்துகிறவனுக்கு ஓர் எழுத்து கூடினால் கை வலி கூடும். பாறை. அதிலும் பெயரை விடவில்லை.

பஸ்ஸில் ஐம்பது சீட். மாணவிகள் நாற்பத்தொரு பேர், பொதுமக்கள் ஆறு பேர், அதில் மூன்று பேர் மாணவிகளின் அம்மாக்கள். திரும்பும்போது எல்லாருக்கும் புளியோதரைப் பொட்டலம். நன்றாக இருந்தது.

நவம்பர் 18

விடிய விடிய மழை. செல்லூரில் மழை என்றால் தெருவில் தண்ணீர் நிற்கும், அக்கா வீட்டு வாசப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "நல்லதங்காள் கதையே போடல, அதுக்குள்ள பாரு" என்றேன். அக்கா சிரிக்கவில்லை, துணி காயவில்லையாம்.

இன்றைக்குப் பழைய புத்தகங்களைப் பழுது பார்க்கும் பயிற்சி. எனக்காகவே வைத்தது மாதிரி. பதினாலு பேர் வந்தோம். ஆவணப் பாதுகாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒரு தட்டு நிறைய நோயாளிகளைக் காட்டினார். செல்லோடேப் ஒட்டிப் பழுப்பாகிப் பிசுபிசுத்தது, ராமபாணப் பூச்சி வலை பின்னினாற்போல் தின்றது, ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையானது. அப்புறம் ஒரு பழைய பைண்டிங்கைக் காட்டி, "இது மைதாப் பசையில மயில்துத்தம் கலந்து செஞ்சது. பூச்சி வரல, ஆனா ஓரம் எல்லாம் எப்படிப் பொரிஞ்சிருக்கு பாருங்க, செம்பு காகிதத்தையே தின்னுரும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கிண்டுவதை அப்பாவிடம் பத்து வயதில் கற்றுக்கொண்டேன். அந்த நீல நிறம் பசையில் கரைவதைப் பார்க்கத்தான் கடைக்கே போவேன். இன்றைக்கும் என் கடையில் ஒரு டப்பா இருக்கிறது. அம்மையாரிடம் வாதாடினேன், கொஞ்சம் குரலும் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. தான் செய்கிற எதையும் பின்னால் வருகிறவர் பிரித்துத் திரும்பச் செய்ய முடிய வேண்டும், அதுதான் கணக்கு என்றார். மெத்தில் செல்லுலோஸ் பசை, வெற்றிலை நரம்பு மாதிரி இருக்கிற ஜப்பான் டிஷ்யூ தாள், மென்மையான தூரிகை. கிழிசலில் ஒட்டினால் எங்கே ஒட்டினது என்று விளக்கில் பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாளின் விலையைக் கேட்டேன். என் கடையில் ஒரு புத்தகத்துக்கு வாங்குகிற கூலியைவிட அதிகம்.

சாயங்காலம் அப்பாவுக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க ஓனரு வாரத்துக்கு நூறு பொஸ்தகம் கேப்பாரு. அம்பது வருசம் கழிச்சு எவன் பிரிப்பான்னா பாப்போம்? கரப்பான் தின்னுச்சா இல்லையா, அதைச் சொல்லு."

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ராத்திரி முழுக்க நாடகம் பார்ப்பார், கொட்டகையில் கொடுக்கிற நோட்டீஸைப் பத்திரமாகக் கொண்டுவந்து, மறுநாள் பைண்டிங் அட்டைக்கு உள்பக்கம் கனத்துக்காக ஒட்டி மேலே வெள்ளைத்தாள் போட்டு மூடிவிடுவார். இந்த நூலகத்துக்கும் புதுமண்டபத்துக் கடையிலிருந்து புத்தகங்கள் போயிருக்கலாம். இன்று தமிழ் இலக்கியம், 894.811 என்று போட்ட அடுக்கில் ஒரு மணி நேரம் நின்றேன். பழைய கலிக்கோ முதுகுகள் நிறைய. எது அவர் கட்டினது என்று தெரிய ஒரே வழிதான் இருக்கிறது, அட்டையைக் கிழித்துப் பார்ப்பது.

கிழிக்காமல் புரட்டியதில் வேறொன்று கிடைத்தது. ஒரு தடித்த புத்தகத்தில் பாரம், அதாவது பதினாறு பக்க மடிப்பு, மாறித் தைத்திருக்கிறார்கள், 32-ஆம் பக்கத்துக்கு அப்புறம் 49, அது 64 வரைக்கும் போய்விட்டுத் திரும்பி 33-க்கு வருகிறது. பின்னால் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் பதினேழு முத்திரை. பதினேழு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள், ஒருவர்கூடச் சொல்லவில்லை. படித்தார்களா என்றே எனக்குச் சந்தேகம். லைப்ரரியன் மேடத்திடம் காட்டினேன், நானே பிரித்துத் தைத்துத் தருகிறேன், ஊசியும் நூலும் மெழுகும் இருந்தால் போதும் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரி, இங்கேயே உக்காந்து செய்யணும்" என்றார்.

நவம்பர் 19

கீழே கவியரங்கம், மேலே நான் தையல். கவிதை ஒன்றும் ஞாபகமில்லை. மழையைப் பற்றி ஐந்து பேர் பாடினார்கள், வெளியே அது பெய்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு பாரம், மூன்று மணி நேரம். பசை அந்த அம்மையார் விட்டுப்போனது. (மயில்துத்தம் போடவில்லை.) மேடம் வந்து பார்த்தார், புரட்டினார், 32-க்கு அப்புறம் 33 வந்ததும் சிரித்தார். அந்தச் சமயத்தில் கேட்டுவிட்டேன், நாளைக்கு அப்புறம் வெளியாள் யாராவது வந்து படிக்கலாமா என்று. அவர் நேர்மையானவர், மழுப்பவில்லை. உட்கார்ந்து படிக்கலாம், எடுத்துப்போக முடியாது, அதற்கும் ஒரு கடிதம், ஆதார் நகல், முதல்வர் கையெழுத்து. வருஷத்துக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள்? விரலை மடக்கினார், இரண்டோடு நின்றது. "கேட்டா குடுக்கலாம் சார். கேட்டைத் தாண்டி வந்து கேக்கணுமே."

மதியத்துக்கு மேல் மழை விட்டதால் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நடை போனேன். 2023 ஜூலையில் திறந்தது, லிப்ட், ஏசி, குழந்தைகளுக்குத் தனித் தளம், யார் வேண்டுமானாலும் நுழையலாம். அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் முகத்தில் இருக்கிற அவசரம் பயமாக இருந்தது. அப்பா காலத்தில் ஸ்டேஷன் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றம்தான். பகலில் வாசகசாலை, சாயங்காலத்துக்கு மேல் அதே ஹாலில் ரீகல் தியேட்டர், இங்கிலீஷ் படம். பேப்பர் படிக்க உட்கார்ந்தவன் அப்படியே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

புதுமண்டபத்தையும் வெளியிலிருந்து பார்த்தேன். கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கலாம் என்று போய், குளிருக்குப் பயந்து சுக்குப் போட்ட பருத்திப்பாலோடு திரும்பிவிட்டேன்.

நவம்பர் 20

கடைசி நாள், வள்ளி திருமணம் நாடகம். அக்கா மதியமே தலைக்குக் குளித்துத் தயார். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டது. மகளிர் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் இல்லை, நாடகமும் இலவசம், ஆக மொத்தம் செலவு எனக்கு மட்டும் பஸ் காசு.

கேட்டில் சாமி நோட்டை நீட்டினார். அக்கா வாங்கி, யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் பெரிதாக 'முருகன்' என்று எழுதிவிட்டது. மாலை போட்டவர் முருகனை எப்படி அடிப்பார். "போங்க சாமி" என்றார். அக்காவின் கண் பூக்கார அம்மா மேல் விழுந்தது. உள்ளே வாங்க என்று நான் ஏற்கெனவே பேசிப் பார்த்ததுதான். அக்கா பேசவே இல்லை, கூடையைத் தூக்கிச் சாமியின் ரூமுக்குள் வைத்துவிட்டு, "வா மதினி, வள்ளி வர்ற நேரம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நம் பக்கத்து நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று ஏன் பெயர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரு கம்பெனி, ஒரு முதலாளி என்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் ஓர் ஊர், தனித்தனியாகப் பேசித் தேதி வாங்குவது. ஒத்திகை கிடையாது. அன்றைக்குத்தான் மேக்கப் போடும் இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், சில பேர் அதுவும் மேடையில்தான். கதையும் பாட்டும் எல்லார் தலைக்குள்ளேயும் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட பாதை, 1918-ல் இதே மதுரையில் பையன்களை வைத்துச் சபா நடத்தியவர், அவர் எழுதின கதைகளில்தான் நூறு வருஷம் கழித்தும் இந்தத் தொழில் ஓடுகிறது.

மேடையின் ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், எல்லாச் சத்தத்துக்கும் ஓர் ஆல்ரவுண்ட். பபூன் வந்தார். எதிரே சுவரில் 'அமைதி காக்கவும்' என்ற பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன்யா, சத்தம் போடாதன்னு போர்டு வச்ச எடத்துக்கு என்னைக் கூட்டியாந்து பாடச் சொல்றீகளே, நான் சைகையில பாடவா?" ஆல்ரவுண்ட் டமார் என்று ஒரு போடு போட்டார். அங்கிருந்து பூக்கார அம்மா சிரிக்க ஆரம்பித்தது, நாடகம் முடியும்வரை நிறுத்தவில்லை.

நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம்தான் எப்போதும் உச்சம். திருமணம் எதற்கு, துறவு எதற்கு என்று நாரதர் ஒரு முடிச்சுப் போடுவார், வள்ளி அதைப் பாட்டிலேயே அவிழ்த்து வேறொரு முடிச்சாகத் திருப்பிக் கொடுக்கும். எழுதி வைத்த வசனம் கொஞ்சம்தான், மீதி அன்றன்றைக்கு. இந்த வள்ளிக்கு முப்பது வயது இருக்கலாம், குரல் உச்சத்துக்குப் போகிற இடத்தில் கண்ணை மூடவில்லை, நாரதரையே பார்த்துக்கொண்டு போனது. நாரதர் ஒரு இடத்தில் தடுமாறினார். ஆர்மோனியக்காரர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்து அவருக்கு மூச்சு விட நேரம் கொடுத்தார். பிள்ளைகள் செல்லை இறக்கிவிட்டார்கள். ஆலோலம் பாடிக் கிளி விரட்டும்போது முதல் வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் பார்த்துவிட்டு நிறுத்தினார், மறுபடி போட்டார்.

ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து விடிகிற வரைக்கும் போகிற நாடகம். இங்கே ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு ஹாலைப் பூட்ட வேண்டும். ஒன்பதே காலுக்கு ஒருங்கிணைப்பாளர் மேடைக்கு ஓரமாக வந்து வாட்சைத் தட்டிக் காட்டினார். கிழவனாக வந்த முருகன் உடனே குமரனாகி மாலை மாற்றிவிட்டார். "யானையே வரலயே" என்றது அக்கா, சத்தமாகவே. யானை வந்து வள்ளி பயந்து ஓடிக் கிழவனைக் கட்டிக்கொள்ளாமல் அது என்ன கல்யாணம். பின்னாலிருந்து நாலு பேர் "யானை, யானை" என்றார்கள். நன்றியுரை ஆரம்பித்துவிட்டது. தாளாளர், முதல்வர், மற்றும் நாடகக் குழுவினர்.

பூக்கார அம்மாவுக்குக் கூடையில் பாதிப் பூ விற்காமல் வாடிவிட்டது. அக்காவுக்கு ஒரு முழம் சும்மா கொடுத்தது. சாமியிடம் நாளைக்கும் வரலாமா என்று கேட்டேன். "ஐடி கார்டு வேணும் சாமி" என்றார், நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு முடித்துக்கொண்டே.

ஆரப்பாளையத்தில் பதினொரு மணி பஸ் கிடைத்தது. நாகமலைப் புதுக்கோட்டையில் மலை தெரிகிறதா என்று ஜன்னலில் பார்த்தேன், இருட்டு. வீட்டுக்கு வந்தபோது ஒரு மணி. அப்பா திண்ணையில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"வள்ளி யாரு?"

நன்றாகப் பாடிச்சுப்பா, முப்பது வயசிருக்கும் என்றேன்.

"அது இருக்கட்டும். யாரு, எந்த ஊரு?"

நோட்டீஸை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். ஊர் நாடக நோட்டீஸில் பபூன் வரைக்கும் போட்டோ இருக்கும், கீழே பெயர், அதற்குக் கீழே ஊர்.

"இதுல இல்லியே" என்றார். "நீயும் கேக்காமயா வந்த?"